நூறு வயதிலும் மாணவர்: சவுக்காரத்தின் உள்ளே பார்த்த ஷெவ்ரல்



வேலைக்காட்டிலிருந்து வந்ததும் நாம் முதலில் தேடுவது என்ன? சோறா, காப்பியா? இரண்டும் இல்லை. குழாயடியில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டுச் சவுக்காரமும்தான். பால்மரத்துக்குப் போனவர் கையில் பால் பிசின். செம்பனைக்குப் போனவர் கையில் பழத்தின் எண்ணெய்ப் பிசுக்கு. வெறும் தண்ணீரில் எத்தனை தேய்த்தாலும் எண்ணெய் போகிறதா? போகாது. சவுக்காரத்தைத் தொட்டால்தான் கை கையாகிறது.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். நம் கையில் ஒட்டியது செம்பனை எண்ணெய். அதைக் கழுவ எடுத்த சவுக்காரமும் பெரும்பாலும் அதே செம்பனை எண்ணெயில் செய்ததுதான்! பழத்தின் சதையில் ஓர் எண்ணெய், உள்ளே இருக்கிற பருப்பில் வேறோர் எண்ணெய். இரண்டும் ஆலையிலிருந்து கிளம்பி, எங்கெங்கோ போய், சவுக்காரக் கட்டியாக நம்ம வீட்டுக்கே திரும்பி வருகின்றன. ஒட்டுகிற எண்ணெய், ஒட்டியதைக் கழற்றுகிற பொருளாக எப்படி மாறுகிறது?

மனிதன் சவுக்காரம் காய்ச்சத் தொடங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துச் சுமார் 200 ஆண்டுகள்தான் ஆகின்றன. விடை கண்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்பது அவர் பெயர். அவருடைய வாழ்க்கையைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

புரட்சிக் காலத்துப் பிள்ளை

ஷெவ்ரல் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஆன்ஜே என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் மருத்துவர். வசதியான குடும்பம்தான். ஆனால் பிள்ளைக்கு மூன்று வயது நடக்கும்போதே, 1789இல், பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அரசன் தலை போனது. ஊருக்கு ஊர் வெட்டுமேடை எழுந்தது. பழைய பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அதனால் சிறுவன் வீட்டிலேயே ஆசிரியர் வைத்துப் படித்தான். 1799இல் ஆன்ஜேயில் புது முறைப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் விஞ்ஞானப் படிப்பு ஒழுங்காகக் கிடைத்தது.

அந்தக் காலத்தில் சவுக்காரத்துக்கும் ஒரு நெருக்கடி இருந்தது. சவுக்காரம் காய்ச்ச இரண்டு பொருள் வேண்டும். ஒன்று எண்ணெய் அல்லது கொழுப்பு, மற்றொன்று காரம். நம்ம பாட்டிமார் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டு எண்ணெய்ச் சட்டி துலக்கினார்களே, அந்தச் சாம்பலில் இருப்பதும் காரம்தான். பிரான்சின் தென்கரையில் உள்ள மார்செய் நகரில் ஒலிவ எண்ணெயில் சவுக்காரம் காய்ச்சினார்கள். அதற்கு வேண்டிய சோடாக் காரம் கடலோரச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்து வந்தது. சாம்பலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நிக்கோலா லெப்லாங்க் என்பவர் சாதாரணக் கடல் உப்பிலிருந்தே சோடா எடுக்க வழி கண்டு, 1791இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் புரட்சி அரசாங்கம் அவருடைய தொழிற்சாலையைப் பறிமுதல் செய்தது. பிறகு திருப்பிக் கொடுத்தபோது அதை நடத்த அவர் கையில் பணம் இல்லை. வறுமை தாங்காமல் 1806இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் கண்ட வழியில் மற்றவர்கள் ஆலை வைத்துச் செழித்தார்கள். உழைத்தவனுக்குப் பலன் சேராத கதை நமக்குப் புதிதா என்ன?

லெப்லாங்க் காரத்துக்கு வழி சொன்னார். ஆனால் எண்ணெயும் காரமும் சேரும்போது உள்ளே நடப்பது என்ன என்று அவருக்கும் தெரியாது, மார்செய் நகரத்துக் காய்ச்சுகிறவர்களுக்கும் தெரியாது. எண்ணெயும் காரமும் அப்படியே ஒட்டிக்கொண்டு சவுக்காரமாகின்றன என்றுதான் படித்தவர்களும் நினைத்தார்கள்.

பாரிசுக்குப் போன பையன்

1803இல், 17 வயதில், ஷெவ்ரல் பாரிசு நகரம் போனார். அங்கே வோக்லேன் என்ற பெரிய ரசாயன அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். இந்த வோக்லேனும் சாதாரண ஆள் இல்லை. நாட்டுப்புறத்து எளிய குடும்பத்தில் பிறந்து, மருந்துக் கடையில் எடுபிடி வேலை செய்து, அங்கேயே ரசாயனத்தில் ஆசை பிடித்து முன்னேறியவர். குரோமியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். மருந்துக் கடைப் பையன் ஆசிரியராகவும் மருத்துவர் மகன் மாணவராகவும் ஒரே மேசையில் வேலை செய்தார்கள். அறிவுக்குச் சாதியும் கிடையாது, அந்தஸ்தும் கிடையாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஒரு துண்டுச் சவுக்காரம்

1811ஆம் ஆண்டு. ஷெவ்ரலுக்கு வயது 25 நிறையவில்லை, அல்லது அப்போதுதான் நிறைந்திருக்கும். ஆராய்ந்து பார்க்கும்படி ஒரு சவுக்காரத் துண்டு அவர் மேசைக்கு வந்தது. பன்றிக் கொழுப்பையும் பொட்டாஷ் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சியது அது. வேறு யாராக இருந்தாலும் இரண்டு நாள் பார்த்து, நாலு வரி எழுதி அனுப்பியிருப்பார்கள். ஷெவ்ரலோ அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு ஆண்டு விடவில்லை!

அதைத் தண்ணீரில் கரைத்தார். ஒரு பகுதி கரைந்தது. இன்னொரு பகுதி கரையாமல், முத்துப் போல மினுமினுக்கும் படிவமாக அடியில் தங்கியது. அதைத் தனியே எடுத்து அதில் அமிலம் சேர்த்தார். உடனே கொழுப்புப் போன்ற ஒரு பொருள் பிரிந்து மேலே வந்தது.

இது எப்படி என்று பால்மரத் தோட்டத்துக்காரருக்கு நாம் விளக்கவே வேண்டாம். வாளியில் இருக்கும் ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் என்ன ஆகிறது? தண்ணீரோடு தண்ணீராக இருந்த ரப்பர் திரண்டு கட்டியாகிறது. சவுக்காரத் தண்ணீரில் அமிலம் சேர்த்தாலும் ஏறக்குறைய அப்படித்தான். கரைந்து மறைந்திருந்தது வெளியே வந்து விடுகிறது. இரண்டுக்கும் உள்ளே நடக்கிற ரசாயனம் ஒன்றல்ல, கண்ணுக்குத் தெரிகிற காட்சி மட்டும் ஒன்று.

இங்கேதான் ஷெவ்ரல் திடுக்கிட்டார். வெளியே வந்தது பழைய பன்றிக் கொழுப்பு இல்லை. அது வேறு பொருள். அதுவே ஓர் அமிலம்! காரத்தோடு சேர்ந்து மறுபடியும் சவுக்காரமாகக் கூடியது. எண்ணெயும் கொழுப்பும் தனிப் பொருள்கள் அல்ல, அவற்றுக்குள் அமிலங்கள் ஒளிந்திருக்கின்றன என்ற உண்மை அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. கொழுப்பு அமிலம் என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்களே, அதுதான் இது. இதைப் பற்றிய முதல் கட்டுரையை அவர் 1813இல் அறிஞர் சபையின் முன் வைத்தார்.

முத்துப் போல மின்னியதால், முத்து என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்த அமிலத்துக்கு மார்கரிக் அமிலம் என்று பெயரிட்டார். அது தனி அமிலம் அல்ல, இரண்டு அமிலங்களின் கலப்பு என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால் பெயர் மட்டும் போகவில்லை. 1869இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் வெண்ணெய்க்குப் பதிலாக ஒரு பொருள் செய்து, அதே சொல்லைப் பிடித்து மார்ஜரின் என்று பெயர் வைத்தார். ரொட்டியில் நாம் தடவுகிற மார்ஜரின் டப்பாவின் மேல் ஷெவ்ரலுடைய முத்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

தராசு சொன்ன உண்மை

கொழுப்பிலிருந்து அமிலம் போக மிச்சம் என்ன? அடியில் இருந்த தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைத்தார். இனிப்பான, பாகு போன்ற ஒரு பொருள் கிடைத்தது. சுவீடன் நாட்டு ஷீலே என்பவர் அதை முன்பே கண்டிருந்தார். ஆனால் எல்லாக் கொழுப்பிலும் அதற்கு என்ன இடம் என்று தெளிவாகச் சொன்னவர் ஷெவ்ரல். இனிப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிளிசரின் என்று அதற்குப் பெயர் சூட்டியவரும் அவர்தான்.

அதோடு நிற்கவில்லை. எல்லாவற்றையும் தராசில் வைத்தார். 100 பங்கு கொழுப்பை எடுத்துச் சவுக்காரமாக்கி, பிறகு அதை உடைத்துக் கிடைத்த அமிலங்களையும் கிளிசரினையும் கூட்டினால் 100க்கு மேல் வந்தது! எங்கிருந்து வந்தது இந்த அதிக எடை? எங்கேயாவது திருட்டுக் கணக்கா? இல்லை. கொழுப்பு பிரியும்போது கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது என்று அவர் கண்டார். பால் கொட்டகையில் பாலை அளந்து, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார்கள் அல்லவா? அந்தக் கணக்கில் ஒரு துளி பிசகினாலும் நமக்கு வயிறு எரியும். ஷெவ்ரலும் அப்படிப்பட்ட கணக்குக்காரர். ஒரு துளியையும் விடமாட்டார்.

ஓர் அமிலம் சுத்தமானதா, கலப்பானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் வழி கண்டார். எத்தனை சூட்டில் உருகுகிறது என்று குறித்துக்கொள்வார். மறுபடியும் சுத்தம் செய்வார், மறுபடியும் உருக்குவார். உருகும் சூடு மாறாமல் ஒரே இடத்தில் நிற்கும்வரை விடமாட்டார். இப்படியே ஆடு, மாடு, வாத்து என்று எத்தனையோ கொழுப்புகளைப் பிரித்துப் பார்த்தார். ஸ்டியரிக் அமிலம், ஒலியிக் அமிலம், வெண்ணெயில் இருக்கும் பியூட்டிரிக் அமிலம் எல்லாம் அவர் பிரித்துப் பெயர் வைத்தவை. 1823இல் இந்த ஆராய்ச்சி முழுவதையும் ஒரு நூலாக வெளியிட்டார்.

உள்ளே நடப்பதை நம் வழியில் சொல்வதென்றால் இப்படிச் சொல்லலாம். எண்ணெய் என்பது ஒரு காம்பில் மூன்று பழம் ஒட்டிய சின்னக் குலை. காம்பு கிளிசரின், பழங்கள் கொழுப்பு அமிலம். ஒரு காம்புக்கு மூன்று பழம் என்ற கணக்கை 1854இல் பெர்தெலோ என்ற பிரெஞ்சு அறிஞர் உறுதி செய்தார். காரத்தைப் போட்டுக் காய்ச்சினால், காரம் பழங்களை உதிர்த்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அதுதான் சவுக்காரம். காம்பு தனியாக நிற்கிறது. அதுதான் கிளிசரின். சோடாக் காரம் சேர்ந்தால் கெட்டிச் சவுக்காரம், பொட்டாஷ் காரம் சேர்ந்தால் குழைந்த சவுக்காரம்.

அழுக்கு எப்படிப் போகிறது? சவுக்காரத்தின் ஒரு முனைக்கு எண்ணெய் பிடிக்கும், மறு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும். ஒரு கையால் பிசுக்கைப் பிடித்து, மறு கையால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வெளியேறி விடுகிறது. அவ்வளவுதான் ரகசியம்!

செம்பனைக்கும் ஒரு பெயர்

ஷெவ்ரல் ஆராய்ந்தது பெரும்பாலும் மிருகக் கொழுப்பு. அவர் காட்டிய வழியிலேயே மற்றவர்கள் தாவர எண்ணெய்களையும் பிரித்துப் பார்த்தார்கள். 1840இல் ஃபிரெமி என்ற பிரெஞ்சு அறிஞர் செம்பனை எண்ணெயைச் சவுக்காரமாக்கி, அதிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தார். பனையின் பெயரால் அதற்குப் பால்மிட்டிக் அமிலம் என்று பெயர் வந்தது. ஷெவ்ரலின் மார்கரிக் அமிலத்தில் கலந்திருந்த இரண்டில் ஒன்று இதுதான்.

அப்போது செம்பனை எண்ணெய் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் போனது. நம்ம நாட்டில் வாணிபத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917இல், சிலாங்கூர் மாநிலத்துத் தென்னமரம் தோட்டத்தில். பெயரைக் கேட்டாலே தமிழ் காதில் விழுகிறதா? நட்டவர் ஹென்றி ஃபோகோனியே, அவரும் பிரெஞ்சுக்காரர்தான்.

செம்பனைச் சதை எண்ணெயில் பால்மிட்டிக் அமிலம் சுமார் 44 விழுக்காடு. அதனால் அதில் செய்யும் சவுக்காரம் கெட்டியாக இருக்கும், சீக்கிரம் கரையாது. ஆனால் நுரை குறைவு. பருப்பு எண்ணெய் அப்படி இல்லை. அது தேங்காயெண்ணெயின் உடன்பிறப்பு மாதிரி. இரண்டிலும் லாரிக் அமிலம் அதிகம், நுரை பொங்கி வரும். அதனால்தான் சவுக்காரத் தொழிலில் இரண்டையும் கலக்கிறார்கள். நாம் அறுத்துத் தள்ளும் ஒரே பழத்தில் கெட்டிக்கு ஓர் எண்ணெய், நுரைக்கு ஓர் எண்ணெய். இது தெரிந்த பிறகு அந்தக் குலையை நாம் பார்க்கிற பார்வையே மாறாதா?

காசு வராத கண்டுபிடிப்பு

கொழுப்பு அமிலத்தில் மெழுகுவத்தி செய்தால் நன்றாக எரியும் என்று ஷெவ்ரலுக்குத் தோன்றியது. அந்தக் காலத்து ஏழை வீட்டு மெழுகுவத்தி மாட்டுக் கொழுப்பு. புகையும், நாறும், உருகி வழியும். ஸ்டியரிக் அமில மெழுகுவத்தியோ கெட்டியாக நின்று பளிச்சென்று எரியும். 1825இல் கே-லூசாக் என்ற புகழ்பெற்ற அறிஞரோடு சேர்ந்து இதற்குக் காப்புரிமை எடுத்தார். இரண்டு பெரும் விஞ்ஞானிகள் சேர்ந்தும் வியாபாரம் ஓடவில்லை! பின்னால் வேறொருவர்தான் அதை மலிவாகச் செய்து பாரிசு முழுவதும் விற்றார். ஷெவ்ரல் அதற்காக உட்கார்ந்து அழவில்லை. அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

கிளிசரினும் அப்படித்தான். முதலில் வீணாய்ப் போன அந்தப் பாகு, பிறகு மருந்துக்கும் தைலத்துக்கும் போனது. அதிலிருந்து செய்த நைட்ரோ கிளிசரினைக் கொண்டுதான் நோபல் டைனமைட்டு வெடி செய்தார்.

நம்மவர்களை வாட்டுகிற இனிப்பு நீர் வியாதிக்கும் ஷெவ்ரலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்த நோயாளியின் சிறுநீரில் வரும் சர்க்கரையும் திராட்சைப் பழத்தில் இருக்கும் சர்க்கரையும் ஒன்றே என்று 1815இல் கண்டு சொன்னவர் அவர்.

கறுப்பு ஏன் மங்கியது?

1824இல் அரசாங்கம் அவரைப் பாரிசில் உள்ள கோபலேன் நெசவுச்சாலையின் சாயப் பகுதிக்குத் தலைவராக்கியது. அரண்மனைச் சுவர்களில் தொங்கும் சித்திரத் திரைகள் நெய்யும் இடம் அது. அங்கே ஒரு புகார் இருந்தது. கறுப்புச் சாயம் மங்கலாகத் தெரிகிறது, சாயம் போடுகிறவர்கள் சரியில்லை என்று சொன்னார்கள்.

ஷெவ்ரல் என்ன செய்தார்? தொழிலாளியைக் கூப்பிட்டுத் திட்டினாரா? சம்பளத்தைப் பிடித்தாரா? இல்லை. மற்ற இடங்களில் சாயமேற்றிய நல்ல கறுப்பு நூல்களை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோபலேன் கறுப்பு எதற்கும் குறைந்ததல்ல! குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் இருந்த நீலத்திலும் ஊதாவிலும் இருந்தது. ஒரு நிறத்தின் பக்கத்தில் இன்னொரு நிறம் வந்தால் நம் கண்ணே அதை மாற்றிக் காட்டுகிறது. இதை விளக்கி 1839இல் பெரிய நூல் எழுதினார். ஓவியர்கள் அதைப் படித்து வண்ணம் தீட்டினார்கள். புடவைக்கு எந்த நிறக் கரை எடுக்கும் என்று பார்த்துப் பார்த்து வாங்கும் நம் பெண்களுக்கு அது சொல்லாமலே தெரிந்த சங்கதிதான்!

ஆனால் நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. சோதித்துப் பார்க்காமல் தொழிலாளி மேல் பழி போடக் கூடாது என்பதை ஒரு விஞ்ஞானி செய்து காட்டினார்.

இன்னொரு சோதனையும் உண்டு. நூலில் ஒரு குண்டைக் கட்டிக் கையில் பிடித்தால் அது தானாக ஆடுகிறது, ஏதோ சக்தி ஆட்டுகிறது என்று பலர் நம்பினார்கள். ஷெவ்ரல் தாமே பிடித்துப் பார்த்தார். ஆடியது! கையை ஒரு தாங்கலில் வைத்தால் ஆட்டம் குறைந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டால் நின்றே போனது. ஆட்டுவது நம் கைதான், நமக்கே தெரியாமல் ஆட்டுகிறோம் என்று 1833இல் எழுதினார். மேசை ஆடுகிறது, ஆவி வருகிறது என்று ஐரோப்பா முழுவதும் பரபரப்பான காலத்தில், 1854இல், அதையே ஒரு நூலாகவும் விரித்தார். மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தம் கையையே முதலில் சந்தேகித்தார். பெரிய மனசு வேண்டும் அதற்கு.

நூறாம் ஆண்டு

1830இல் பாரிசு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பேராசிரியரானார். பின்னர் அதன் தலைவராகி 1879 வரை இருந்தார். 1871இல் செர்மானியப் படைகள் பாரிசை முற்றுகையிட்டபோது அருங்காட்சியகத்தின் மேலும் குண்டுகள் விழுந்தன. அவருக்கு வயது 84. ஊரை விட்டு ஓடவில்லை. அறிவுக்கூடத்தின் மீது குண்டு போட்ட செயலைக் கண்டித்துப் பதிவு செய்தார்.

1886இல் அவருக்கு 100 வயது நிறைந்தபோது நாடே விழா எடுத்தது. தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். நாடார் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் அவரோடு உரையாட, அப்போது நாடாரின் மகன் எடுத்த படங்கள் வெளியாயின. (நம்மூர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்!) மன்னர் ஆட்சியில் பிறந்து, புரட்சியையும் நெப்போலியனையும் கண்டு, மறுபடி மன்னர்கள், மறுபடி குடியரசு என்று எத்தனையோ மாற்றங்களைக் கண்ட அந்தக் கிழவர், தம்மைப் பிரான்சு நாட்டு மாணவர்களிலேயே மூத்த மாணவன் என்றுதான் சொல்லிக்கொள்வாராம். பேராசிரியர் என்றல்ல, மாணவன் என்று!

மனைவி 1862இலேயே மறைந்தார். ஒரே மகனும் தகப்பனுக்குச் சற்று முன்பாகவே போய்ச் சேர்ந்தார். நீண்ட ஆயுள் என்றால் அதற்குரிய துக்கமும் உண்டல்லவா? 1889 ஏப்ரல் 9ஆம் நாள், 102 வயது தாண்டி, ஷெவ்ரல் கண் மூடினார். அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் பாரிசில் ஐஃபல் கோபுரம் கட்டி முடிந்திருந்தது. அதில் பொறித்த 72 அறிஞர்களின் பெயர்களில் அவருடையதும் ஒன்று.

வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கு

பழைய சமையல் எண்ணெயில் வீட்டிலேயே சவுக்காரம் செய்வதை இப்போது பல இடங்களில் சொல்லித் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் தாய்மார்களே, ஷெவ்ரலின் தராசை மறந்துவிடாதீர்கள்! எந்த எண்ணெய்க்கு எவ்வளவு காரம் என்பதற்குக் கணக்கு உண்டு. செம்பனை எண்ணெய் 1 கிலோவுக்குக் காஸ்டிக் சோடா சுமார் 140 கிராம், தேங்காயெண்ணெய்க்குச் சுமார் 180 கிராம். கண் மதிப்பில் அள்ளிப் போட்டால், மிஞ்சிய காரம் தோலை அரித்துவிடும். பிள்ளை முதுகு புண்ணாகும். கொஞ்சம் குறைத்துப் போடுவதுதான் பத்திரம்.

சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துச் சீறி முகத்தில் தெறிக்கும். அலுமினியச் சட்டி கூடவே கூடாது, காரம் அதைத் தின்றுவிடும். கையுறை போடுங்கள், கண்ணை மறைத்துக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். குடிக்கிற தண்ணீர்ப் போத்தலில் அதைக் கரைத்து வைக்கவே வைக்காதீர்கள். மேலே பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டியைச் சில வாரம் ஆறவிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

நமக்கு என்ன பாடம்?

சவுக்காரம் ஷெவ்ரல் பிறப்பதற்கு முன்பே இருந்தது. துவைக்கிறவர்களும் காய்ச்சுகிறவர்களும் அதை நன்றாகவே கையாண்டார்கள். அவர் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான். எல்லாரும் தினம் தொடுகிற பொருளை எடுத்து, இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். விடை வரும்வரை விடவில்லை.

நாமும் தலைமுறை தலைமுறையாகப் பால் எடுத்தோம், பழம் அறுத்தோம். அந்தப் பாலுக்குள் என்ன, பழத்துக்குள் என்ன என்று நம்மைக் கேட்கவிட்டவர்கள் குறைவு. வேலையைப் பார் என்றுதான் சொன்னார்கள். இனி நம் பிள்ளைகள் கேட்கட்டும். இன்று மாலை குழாயடியில் மகனோ மகளோ, அப்பா, எண்ணெய் எப்படி எண்ணெயைக் கழுவுது என்று கேட்டால், போடா வேலையைப் பாரு என்று விரட்டாதீர்கள். செம்பனைக் குலையைக் காட்டுங்கள். காம்பு எது, பழம் எது என்று சொல்லிக் கொடுங்கள். அந்தப் பிள்ளை நாளை ஆய்வுக்கூடத்தில் நிற்கலாம்.

நமக்கும் வயதாகிவிட்டதே என்று யாரும் ஒதுங்க வேண்டாம். நூறு வயதில் தம்மை மாணவன் என்று சொல்லிக்கொண்டவரின் கதையைத்தானே இப்போது படித்தோம்!